டீமேக்கர் கேட்ட சுவர்க்கோழி

சிலந்தி வளர்ப்பதில் தொல்லை சிலந்தி அல்ல, அதன் சாப்பாடுதான். உள்ளங்கை அகலம் இருந்த என் சிலந்தி என்னோடு இருந்த நான்கு வருடத்தில் ஒரு சத்தம் போட்டதில்லை. அதற்கு இரையாக நான் பிடித்து வைத்த சுவர்க்கோழிகள்தான் ஊரைக் கூட்டின.

தொண்ணூறுகளின் நடுவில் இலங்கை மலைநாட்டில், நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் மிட்வைஃப் வேலை பார்த்தேன். எல்லாருக்கும் நான் மிஸ்ஸி. தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் நான்கு கட்டில், ஒரு மருந்து அலுமாரி, செவ்வாய்க்கிழமை மட்டும் பதுளையிலிருந்து வரும் ஒரு டொக்டர். மற்ற ஆறு நாளும் காய்ச்சல், வெட்டுக்காயம், பிரசவம் எல்லாவற்றுக்கும் நான்தான். எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. எது கடித்தாலும், கடித்ததையும் அடித்துக் கையோடு கொண்டுவருவார்கள். என் மேசையில் பூரான், தேள், குளவி, ஒரு தடவை அரை முழப் பாம்பு, எல்லாம் வந்திருக்கின்றன. எல்லாம் பிணமாக வரும். சிலந்தி மட்டும்தான் உயிரோடு ஜாம் போத்தலில் வந்தது.

தேயிலை ஃபெக்டரி அடுப்புக்கு மொனராகலையிலிருந்து லொறியில் ரப்பர் விறகு வரும். அந்த விறகை இறக்கிய ஒருவருடைய விரலில் இந்தச் சிலந்தி கடித்துவிட்டது. லொறிச் சாரதி அதைப் பார்த்துவிட்டு "திவிமகுளுவா", அதாவது சிறுத்தைச் சிலந்தி, என்று சிங்களத்தில் சொல்லி இரண்டு அடி பின்னால் போனாராம். கால்களில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை, முதுகில் பாசி பிடித்த மரப்பட்டை போல ஒரு சித்திரம். விரல் வீங்கி இரண்டு நாள் வலித்தது, மூன்றாம் நாள் ஆள் வேலைக்குப் போய்விட்டார். போத்தல் என் மேசையில் தங்கிவிட்டது. கொல்ல மனம் வரவில்லை என்று சொன்னால் பெரிய கருணை மாதிரி இருக்கும். உண்மையில் அந்த மூடியைத் திறக்க எனக்குப் பயம். பயந்து பயந்து ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். ஒரு வாரம் ஒரே மேசையில் இருந்த பிறகு எதையும் கொல்ல முடியாது.

தேயிலைச் சாம்பிள் அனுப்பும் பலகைப் பெட்டி ஒன்றுக்குக் கண்ணாடி மூடி போட்டு, அதில் மரப்பட்டை ஒன்றைச் சாய்த்து வைத்து, ஆஸ்பத்திரியின் நீள இடுக்கியால் சிலந்தியைக் குடியேற்றினேன். கரப்பான் போட்டேன், தொடவில்லை. விறகுக் கொட்டிலில் பிடித்த சுவர்க்கோழியைப் போட்டதும் பாய்ந்து பிடித்தது. தொழிலாளர் லயத்தில் அந்தப் பூச்சிக்குச் சில்வண்டு என்றுதான் பெயர். எங்கள் அம்மா சுவர்க்கோழி என்பார், அதனால் எனக்கும் சுவர்க்கோழி. இந்த ஒரு சொல்லால் எவ்வளவு வந்தது என்று பிறகு சொல்கிறேன். வாரம் ஒரு தடவை கொட்டிலில் குனிந்து தேடுவது கஷ்டமாக இருந்தது. ஒரு பெட்டியில் தவிடும் பூசணித் துண்டும் போட்டு, ஒளிந்துகொள்ளக் காகித முட்டைத் தட்டு வைத்து, முப்பது நாற்பதை ஒன்றாக வளர்க்கத் தொடங்கினேன். மிஸ்ஸி ஏதோ புது மருந்து காய்ச்சுகிறது என்று பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. மருந்து என்றால் யாரும் கிட்ட வந்து பார்க்கமாட்டார்கள்.

எனக்குக் கொடுத்திருந்தது இரட்டைக் குவார்ட்டர்ஸில் ஒரு பாதி. மறுபாதியில் ஃபெக்டரியில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் இருந்தார். நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவருடைய அடுப்பு, அதனால் இந்தப் பக்கம் சுவர் எப்போதும் கதகதப்பு. சிலந்தி வெயில் நாட்டுப் பிள்ளை, எங்கள் குளிர் அதற்கு ஆகாது. அதனால் அந்தச் சுவரோடு ஒரு தட்டு அடித்து, சிலந்திப் பெட்டியையும் இரைப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

டீமேக்கர் தனியாள் மாதிரிதான் இருந்தார். மனைவியும் மகளும் பதுளையில் வாடகை அறையில். மகள் அங்கே படித்துக்கொண்டிருந்தாள், உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. அவருக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு வருடத்துக்கு வருடம்தான் வேலை நீடிப்பு. உடம்பு நன்றாக இருக்கிறது என்று எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு போகவேண்டும், தோட்டத்து மேனேஜர் துரை கையெழுத்துப் போடவேண்டும். அந்தத் துண்டு ஒரு வருடம் நின்றால் வேலையும் நிற்கும், குவார்ட்டர்ஸும் போகும், மகள் படிப்பை விட்டுவிட்டு வரவேண்டும். நான் வேலைக்கு வந்த புதிதில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவரே இதைச் சொன்னார். யாரிடமும் கெஞ்சுகிற ஆள் அல்ல. நாளைக்கு மழை வரும் என்பது போலத்தான் சொன்னார்.

அவர் விடியுமுன் ஃபெக்டரிக்குப் போய், பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்தால் பின்னேரம் வரை தூங்குவார். என் சுவர்க்கோழிகளும் அதே நேரம் பார்த்துத்தான் தொடங்கும். பெட்டிக்குள் இருட்டு, முதுகில் சூடு, வேறென்ன வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வரும்போது வாசலிலேயே கேட்கும். ஒன்று தொடங்கினால் பத்து சேரும். பெட்டியின் மேல் துவாய் போட்டேன், கம்பளி போட்டேன். அவை இன்னும் சூடாகி இன்னும் பாடின. வெளி வராந்தாவில் குளிரில் கொண்டுபோய் வைத்தேன். உடனே வாய் மூடின. மறுநாள் காலை பாதி செத்துக் கிடந்தன.

மனசு கேட்காமல் ஒரு பின்னேரம் வேலியருகே போய் டீமேக்கரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"ஐயா, என்னோட சுவர்க்கோழிங்க உங்க தூக்கத்தக் கெடுக்குதுங்களா?"

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"கோழிங்களா? ஒரு சத்தமும் இல்லீங்க மிஸ்ஸி. நல்லா வளத்துக்குங்க. முட்ட வச்சா எனக்கும் ஒன்னு குடுங்க."

என்ன பெருந்தன்மை, என்ன பகிடி என்று நான் உருகிப்போனேன். தோட்டத்தில் கிளாக்கர் வீட்டு நாய் குரைத்தாலே முறைப்பாடு எழுதுகிற மனிதர்கள் நடுவில் இப்படி ஒருவர். முட்டைத் தட்டு வாங்குவதற்காக எப்படியும் மாதத்தில் இரண்டு தடவை பதுளையில் ஒரு முஸ்லிம் நானாவின் முட்டைக் கடைக்குப் போவேன். வெறும் தட்டைக் கேட்க வெட்கப்பட்டு முட்டையும் வாங்குவேன். அதில் இரண்டை டீமேக்கருக்குக் கொடுத்தேன். "நம்ம கோழி முட்டைங்க ஐயா" என்றேன். அவர் என் தோளுக்கு மேலாக, கதவு வழியே தெரிந்த முட்டைத் தட்டுகளைப் பார்த்துத் தலையாட்டினார். "கோழி நல்ல கோழிதான்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அது வழக்கமாகிவிட்டது. ஏறக்குறைய ஒரு வருடம், அவர் ஒன்றுக்கும் நான் வேறொன்றுக்குமாகச் சேர்ந்து சிரித்திருக்கிறோம்.

பாடசாலை விடுமுறைக்கு அவருடைய மனைவியும் மகளும் வந்தார்கள். அந்த மாதம் பார்த்து என் சிலந்தி சாப்பாட்டை நிறுத்தியிருந்தது. சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம். உரிக்கும்போது அது பச்சைப் பிள்ளை மாதிரி மெத்தென்று கிடக்கும், அந்த நேரம் சுவர்க்கோழி உள்ளே இருந்தால் இரையே அதைக் கடித்துவிடும். அதனால் நான் ஒன்றையும் போடவில்லை. தின்ன ஆளில்லாமல் பெட்டியில் இருந்ததெல்லாம் வளர்ந்து, இறக்கை முளைத்து, ஒரே நேரத்தில் பாடத் தொடங்கின. அதைப் போல ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அக்கா, அதாவது டீமேக்கரின் மனைவி, என் வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. இந்த சத்தத்துல ரெண்டு நாளா கண்ண மூட முடியல."

நான் பதறிப்போய், ஐயா ஒரு நாளும் சொல்லவில்லையே, கேட்டபோதுகூடச் சத்தமில்லை என்றாரே என்றேன். அக்கா என் அறையைச் சுற்றிப் பார்த்தார். எதையோ தேடினார். மிஸ்ஸி வீட்டுக்குள் கோழி வளர்க்கிறது, அது சத்தமே போடாத சாதிக் கோழி என்று கணவர் சொல்லியிருக்கிறார், அந்தக் கோழி எங்கே என்று கேட்டார். நான் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினேன். இதுதான் கோழி என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அக்காவுக்கும் விளங்கியது. ஒரு வருடமாக ஒரு முழம் தள்ளி, சுவரைத் துளைக்கிற சத்தத்தின் பக்கத்தில், அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். நான் சொன்னதில் பாதிச் சொல்தான் அவருக்குப் போயிருக்கிறது. ரேடியோவை ஏன் இவ்வளவு கூட்டி வைக்கிறீர்கள் என்று கேட்டால் ரேடியோ பழசு என்பாராம். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் யோசனையில் இருந்தேன் என்பாராம். அக்கா இதைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மகளுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு மிஸ்ஸி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா போனபிறகு எனக்கு வந்தது இரக்கம் அல்ல, கோபம். மறைத்த டீமேக்கர் மேல் கோபம், அதை என் தலையில் கட்டிவிட்டுப் போன அக்கா மேல் கோபம். ஃபெக்டரியின் ரோலிங் ரூமில் தேயிலைக் கொழுந்து உருட்டுகிற இயந்திரங்களை ரோதை என்பார்கள். வட்டமாக, ஆளைவிடப் பெரிதாகச் சுழலும். அதில் அகப்பட்ட கை ஒன்றுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். யாரோ ஒருவர் "நிப்பாட்டுங்க" என்று கத்தும்போது அங்கே பொறுப்பாக நிற்கிற ஆளுக்குக் காது கேட்காவிட்டால்? அந்தக் கை யாருடைய கையாக இருக்கும்? நீடிப்புத் துண்டு எழுத இரண்டு வாரம்தான் இருந்தது.

அன்று பின்னேரம் கோபத்தையெல்லாம் பெட்டியில் காட்டினேன். சுவர்க்கோழியில் பாடுவது ஆண் மட்டும்தான். பெண்ணுக்குப் பின்னால் தையல் ஊசி மாதிரி நீளமாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், ஆணுக்கு அது இல்லை. இத்தனை நாள் இது தெரிந்திருந்தும் சோம்பலில் விட்டிருந்தேன். இடுக்கியும் கையுமாக உட்கார்ந்து ஊசி இல்லாததையெல்லாம் பொறுக்கினேன். சிலந்தி சட்டை உரித்துத் தேறியதும் பசியோடிருந்தது. கொழுத்த ஆண்கள் நாலைந்து அதற்குப் போயின. மீதியைத் தேயிலை மலைக்குள் கொண்டுபோய்க் கொட்டினேன். வீடு அமைதியானது. சுவரின் அந்தப் பக்கம் ரேடியோ மட்டும் ஓங்கிக் கேட்டது.

துண்டு எழுதும் நாளன்று டீமேக்கர் மடிப்புக் கலையாத சேர்ட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். படிவத்தை நான் நிரப்புவேன், செவ்வாய்க்கிழமை டொக்டர் கையெழுத்துப் போடுவார், அதுதான் நடைமுறை. எடை பார்த்தேன். பிரஷர் பார்த்தேன். கண் அட்டையின் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். அடுத்தது காது. என் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றது.

தவிடு மாற்றுவதற்காக அன்று காலை சுவர்க்கோழிப் பெட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தேன். அது மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. சத்தியமாக நான் திட்டம் போட்டு வைக்கவில்லை. அவர் பேனாவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"என்னா மிஸ்ஸி, இதுங்கள இங்கயும் கொண்டாந்துட்டீங்களா? இரைச்சல் தாங்க முடியல."

பெட்டியில் இருந்தவை அத்தனையும் பெண். ஒன்றுகூடப் பாடவில்லை. அந்த அறையில் சுவர்மணிக்கூட்டின் சத்தத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. முப்பது வருடம் துரைமாருக்கு நேரே நிமிர்ந்து நின்று பேசிய மனிதர், மனைவி சொல்லிக்கொடுத்த ஒரு சத்தத்தை, அது இல்லாத நேரத்தில் கேட்டதாகச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். "ஆமாங்க ஐயா, தொந்தரவுதான்" என்றேன். கட்டத்தை நிரப்பாமல் படிவத்தை மடித்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மற்ற நாட்களில் படிவத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர், அன்றைக்கென்று பார்த்தார்.

"என்ன பிள்ளை, காதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை?"

நான் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னேன். "எனக்குப் பக்கத்து வீடுங்க சேர். சுவர்க்கோழி இரைச்சல் தாங்க முடியலன்னு என்கிட்ட முறைப்பாடு சொன்னாருங்க."

டொக்டர் சிரித்தார். இந்த வயதில் சுவர்க்கோழிச் சத்தம் கேட்கிறதென்றால் அவருடைய காது தன் காதைவிட நல்லது என்று சொல்லி, அந்தக் கட்டத்தில் தானே எழுதிக் கையெழுத்தையும் போட்டார். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டே நடந்ததிலிருந்தே செய்தது என்னவென்று தெரிகிறது.

மறுநாள் முதலுதவிப் பெட்டியைப் பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லி ஃபெக்டரிக்குப் போனேன். ரோலிங் ரூமில் யாருக்குமே காது கேட்காது, அவ்வளவு இரைச்சல். மூலையில் ரோதைமுனிக்கு ஒரு விளக்கும் பூவும். ஃபெக்டரிச் சாமி அவர்தான். டீமேக்கர் ரோதைக்கு ரோதை நடந்து, ஒவ்வொன்றின் காலிலும் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிச் சற்று நின்று, அடுத்ததுக்குப் போனார். அவரைப்போல ரோதைமுனியிடம் பக்தியுள்ள டீமேக்கர் கிடையாது என்று தோட்டமே சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொழுந்து அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், ஐயாவுக்கு அவசரமாக ஒன்று சொல்லவேண்டுமென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"பின்னாலருந்து கூப்புட மாட்டோங்க மிஸ்ஸி. முன்னாடி போயி நிப்போம். சாமி கும்புடுறப்ப கூப்புடக்கூடாதுங்கல்ல" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு ரோதையின் சுவிட்சுக்குப் பக்கத்திலும் ஓர் ஆள் விலகாமல் நின்றார். யாரும் சொல்லி வைத்த ஏற்பாடு மாதிரித் தெரியவில்லை, பல வருடப் பழக்கம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் பயம் போகவில்லை. அடுத்த வருடமும் அதே கட்டம் வந்தது. போன வருடம் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதினேன். அந்த இரண்டு வருடமும் நேரமில்லாத நேரத்தில் ஃபெக்டரிச் சங்கு ஊதினால் கட்டுப்போடும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து நிற்பேன். ஒரு தடவையும் யாரும் என்னைத் தேடி வரவில்லை. அதற்காக நான் செய்தது சரி என்று சொல்லமாட்டேன்.

மகள் பரீட்சை எழுதி முடித்த மாதமே டீமேக்கர் தானாகவே வேலையை விட்டார். அடுத்த நீடிப்பைக் கேட்கவேயில்லை. சாமான் ஏற்ற லொறி வந்த அன்று வேலியருகே வந்தார். இனி அவர் இழக்க ஒன்றுமில்லை என்ற தைரியத்தில், அவருக்கு உதடு தெரியும்படி நேராக நின்று சொன்னேன்.

"ஐயா, அன்னைக்கு அந்தப் பெட்டியில இருந்ததெல்லாம் பொட்டைங்க. ஒன்னும் கத்தல."

தெரியும் என்றார் அவர். பேனா நின்ற நிலையைப் பார்த்தே தான் தப்பாகச் சொல்லிவிட்டது தெரிந்ததாம். அது எப்படித்தான் கத்தும், கத்துகிற ஒன்றைக் காட்டுங்கள் என்றார்.

பெட்டியில் புதிதாக வளர்ந்த ஆண் ஒன்று இருந்தது. அதை வெறும் நெருப்புப்பெட்டியில் போட்டு அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். பிடித்த பயத்தில் அது சும்மா இருந்தது. அவர் மற்றக் கையால் பொத்திக்கொண்டு கண்ணை மூடினார். லொறியருகில் அக்கா பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கையின் சூடு ஏறியதும் உள்ளே ஒரு கீச்சு.

"இந்தா, கத்துது" என்றார்.

பூச்சி சத்தத்தை நிறுத்தியது.

"நிப்பாட்டிருச்சி."

மறுபடியும் தொடங்கியது. நான் தலையாட்டுவதற்கு முன்பே, கண் மூடியபடியே அவர் தலையை ஆட்டினார். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், ரோதையின் காலில் கை வைத்து நின்றபோது. சாமி கும்பிடுகிறார் என்று நாங்கள் நினைத்த அத்தனை வருடமும் அவர் தன் இயந்திரங்களை உள்ளங்கையால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு வருடப் பயம் அந்த இடத்திலேயே என்னைவிட்டு இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கண்ணைத் திறந்து, நெருப்புப்பெட்டியை என் கையில் திருப்பித் தந்தார்.

"கோழி நல்ல கோழிதான் மிஸ்ஸி" என்றார்.

அன்றுதான் முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே பகிடிக்குச் சிரித்தோம்.